வன்னிக் குளங்களில் தவளை லூரால் விரால் பிடித்தல்: முழுமையான வழிகாட்டி

வட இலங்கையின் வன்னியில் விராலுக்குத் தூண்டில் போடுவது புதிய பழக்கமன்று. நீளமான தடி ஒன்று, அதில் தடித்த தங்கூசி (நைலோன் நூல்), நுனியில் பெரிய கொளுக்கி, கொளுக்கியில் குத்திய உயிர்த்தவளை ஆகியவற்றை வைத்துக்கொண்டு குளக்கட்டில் மணிக்கணக்காக இருந்த பெரியவர்களைப் பார்த்துத்தான் என் தலைமுறை வளர்ந்தது. இப்போது அதே குளக்கட்டுகளில் ரீல் பூட்டிய தடியும், லூர் எனப்படும் பொய்யிரையான ரப்பர்த் தவளையுமாக இளைஞர்கள் நிற்கிறார்கள். அவர்களில் பலர் கடையில் கிடைத்ததை வாங்கி, காணொளியில் பார்த்தபடி எறிந்து, மீன் பத்து முறை பாய்ந்து அடித்தால் ஒன்பதைத் தவறவிட்டு வீடு திரும்புகிறார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அவ்வாறே திரும்பினேன். கருவியில் குறை இல்லை. அது வேறொரு மீனுக்காகச் செய்யப்பட்டது என்பதையும், விராலுக்கு ஏற்ப அதை எங்கே மாற்ற வேண்டும் என்பதையும் அறியாமல் விட்டதே காரணம்.

அந்த வேறொரு மீன் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஏரிகளுக்குச் சொந்தமான பெருவாய்ப் பாஸ். நீர்த்தாவரங்களுக்குள் பதுங்கியிருந்து தவளையையும் சிறுமீனையும் பாய்ந்து பிடிக்கும் இந்த மீனுக்காகவே அங்குள்ளவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பொய்யிரைகளைச் செய்து வருகிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில் தேனீ வளர்த்து வந்த ஜேம்ஸ் ஹெடன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரத்தில் தவளை செதுக்கி மீன் பிடித்தார். ஒஹாயோவில் நிக் கிரீம் என்பவர் 1949இல் மென்மையான பிளாஸ்டிக் புழுவை வார்த்தெடுத்தார். 1932இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி பிடித்த பாஸ் 22 இறாத்தல் 4 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 10 கிலோ இருந்தது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதற்கு இணையாகப் பதிவாகும்வரை அந்த எடையை எவரும் எட்டவில்லை. எங்கள் குளங்களில் பாஸ் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் ஆம்பலும் ஆற்றுவாழையும் சல்வீனியாவும் மூடிக்கிடக்கும் நீரில் சிக்காமல் தவழ்ந்து வரக்கூடிய பொய்யிரை வேண்டுமென்றால், அதைப் பாஸ் பிடிப்பவர்கள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள்.

விராலும் பாஸும் எங்கே வேறுபடுகின்றன

இந்தப் பகுதியை எவரும் தாண்டிச் செல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் பின்வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்தே பிறக்கிறது.

முதலாவது வேறுபாடு மூச்சு. பாஸ் செவுளால் மட்டுமே சுவாசிக்கிறது. விராலின் செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்து வைக்கும் அறை ஒன்று இருப்பதால், அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை வாயால் அள்ளிச் சென்றே ஆக வேண்டும். கோடையில் குளம் வற்றிச் சேறாகும்போதும் விரால் பிழைத்திருப்பது இதனால்தான். தூண்டில்காரருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. எவ்வளவு கலங்கிய நீராக இருந்தாலும், தான் இருக்கும் இடத்தை விரால் தானாகவே வந்து சொல்லிவிட்டுப் போகிறது.

இரண்டாவது வேறுபாடு வாய். பாஸ் தன் பெரிய வாயைச் சட்டென்று திறந்து, நீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. விரால் கூரிய பற்களால் கவ்வி, நசுக்கி, கீழே கொண்டு சென்று, பிறகுதான் விழுங்குகிறது. எனவே விரால் அடித்த அந்தக் கணத்தில் தவளை பெரும்பாலும் அதன் வாய்க்குக் குறுக்கே இருக்கும், கொளுக்கி தசையைத் தொட்டிருக்காது. காணொளிகளில் அமெரிக்கர்கள் இழுக்கும் வேகத்தில் இழுத்தால் தவளை மட்டும் வெறுமையாகப் பறந்து கரைக்கு வரும்.

தடி, ரீல், நூல்

தடி ஆறரை அடி முதல் ஏழு அடி வரை நீளமுள்ளதாகவும், நுனி மட்டும் சற்று வளைந்து உடல் விறைப்பாக நிற்பதாகவும் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் மீடியம் ஹெவி அல்லது ஹெவி என்று கேளுங்கள். மெல்லிய தடியால் மீனைக் கொளுவலாம், ஆனால் ஆம்பல் தண்டுகளுக்குள் தலையைச் செருகிய விராலை வெளியே எடுக்க முடியாது. ரீலைப் பொறுத்தவரை புதிதாகத் தொடங்குபவருக்கு 3000 அல்லது 4000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல் போதும். தடியின் மேல் பூட்டும், சுருளே சுழலும் பெயிட்காஸ்டர் ரீல் பலமானதுதான், ஆனால் எதிர்க்காற்றில் நூல் சிக்குப்பட்டு அரை நாளைத் தின்றுவிடும். கை பழகிய பின் அதற்குப் போகலாம்.

செலவைச் சுருக்கக் கூடாத இடம் நூல். 30 முதல் 50 இறாத்தல் வரை இழுவை தாங்கும் பிரெய்ட் நூலை, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த நூலை, வாங்குங்கள். தங்கூசி இழுபடும் தன்மையுடையது. இருபது மீற்றருக்கு அப்பால் மீன் அடிக்கும்போது நீங்கள் இழுக்கும் விசையில் பாதியைத் தங்கூசியே விழுங்கிவிடும். பிரெய்ட் இழுபடாது, மிதக்கும், ஆம்பல் தண்டை அறுத்துக்கொண்டும் வரும். தவளை லூரை லீடர் (நுனியில் இணைக்கும் தனி நூல்) இல்லாமல் நேரே பிரெய்ட்டில் கட்டுவதே நல்லது. புளோரோகார்பன் லீடர் நீரில் அமிழ்ந்து தவளையின் மூக்கைக் கீழே இழுப்பதோடு, இணைப்பு முடிச்சு புற்களில் மாட்டிக்கொள்ளவும் செய்யும்.

ஒருமுறை 40 இறாத்தல் என்று எழுதியிருந்த நூற்சுருளை மலிவு விலைக்கு வாங்கினேன். இரண்டாம் நாளே, மீனும் தவளையும் ஒன்றாகப் போயின. வீட்டுக்கு வந்து எஞ்சிய நூலை வில் தராசில் கட்டி இழுத்துப் பார்த்தபோது 8 கிலோவுக்குச் சற்று மேலே அறுந்தது. 40 இறாத்தல் என்பது ஏறத்தாழ 18 கிலோ. அன்றிலிருந்து புதிய நூல் எதுவானாலும் ஒரு மீற்றரை வெட்டித் தராசில் இழுத்துப் பார்த்த பிறகே ரீலில் சுற்றுகிறேன். அரிசி நிறுக்கும் சாதாரண வில் தராசு இதற்குப் போதுமானது.

முடிச்சுக்குப் பலோமர் முடிச்சு ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். நூலை இரட்டையாக மடித்து, மடிப்பைத் தவளையின் மூக்கு வளையத்தினூடாக விடுங்கள். அந்த இரட்டை நூலாலேயே ஒரு சாதாரண முடிச்சை இறுக்காமல் போடுங்கள். முடிச்சுக்கு வெளியே நிற்கும் மடிப்புக்குள் முழுத் தவளையையும் நுழைத்தெடுத்து, மடிப்பை வளையத்துக்கு மேலே கொண்டு வாருங்கள். தவளை பருமனானது என்பதால் மடிப்பை ஒரு சாண் நீளத்துக்காவது விட்டிருக்க வேண்டும். பிறகு எச்சிலாலோ குளத்து நீராலோ நன்றாக நனைத்து, இரு நூலையும் சேர்த்து மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நூல் பலமிழந்துவிடும்.

தவளையைத் திருத்துதல்

உள்ளே வெறுமையான மென்ரப்பர் உடலும், முதுகோடு ஒட்டி மேல்நோக்கி நிற்கும் இரட்டைக் கொளுக்கியும், பின்னால் இரண்டு குஞ்சங்களும் கொண்டதே தவளை லூர். உடல் நசுங்கும்போதுதான் கொளுக்கி வெளிப்படும். அதனால்தான் அது புற்களில் சிக்குவதில்லை. வாங்கும்போது இரு விரல்களுக்கிடையே அழுத்திப் பாருங்கள். சிறிதளவு அழுத்தத்திலேயே உடல் தட்டையாகிக் கொளுக்கி முனை விரலில் பட வேண்டும். அழுத்தக் கடினமான தவளை எவ்வளவு அழகாக இருந்தாலும் விராலுக்கு உதவாது. எடை 10 முதல் 15 கிராம் வரை இருக்கலாம். இருண்ட நீரிலும் மப்பு நாளிலும் கறுப்பு, தெளிந்த வெயில் நாளில் பழுப்பும் பச்சையும் என்பது என் தெரிவு. நிறத்தைப் பற்றி மீனவர்கள் நிறைய வாதாடுவார்கள். விரால் கீழிருந்து பார்ப்பது வயிற்றை மட்டுமே என்பதால் நான் அதில் அதிக நேரம் செலவிடுவதில்லை.

கடையிலிருந்து வந்த தவளையை அப்படியே எறிவதைவிட, முதல் நாள் மாலை மேசையில் வைத்து நான்கு வேலைகளைச் செய்தால் பலன் தெரியும். குறட்டால் இரு கொளுக்கி முனைகளையும் மிகச் சிறிதளவு, ஒரு தீக்குச்சிக் கனத்துக்கு மேல் போகாமல், வெளிப்புறமாக விரித்துவிடுங்கள். குஞ்சங்களில் ஒன்றை மற்றையதைவிட அரை அங்குலம் குறைவாக வெட்டுங்கள். சமமில்லாத கால்களால் தவளை இடமும் வலமும் திரும்பி நடக்கும். கொளுக்கித் தண்டு உடலிலிருந்து வெளியேறும் துளையைச் சுற்றி ஒரு துளி சுப்பர் குளூ வைத்தால் நீர் உட்புகுவது குறையும். கடைசியாக, ஒவ்வொரு கொளுக்கி முனையையும் பெருவிரல் நகத்தின்மேல் சாய்த்து வைத்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். முனை நகத்தில் வழுக்கினால் மழுங்கியிருக்கிறது, அரத்தால் தீட்ட வேண்டும். நகத்தில் கீறி நின்றால் கூர்மை போதும்.

புல் இல்லாத வெளிநீரில் ஸ்பின்னர்பெயிட் (சுழலும் தகடுள்ள லூர்), சிறு பொப்பர் (நீர்மேல் ஒலியெழுப்பும் லூர்) ஆகியவை பயன்படும். எனினும் வன்னிக் குளங்களில் விரால் வெளிநீரில் நிற்பது குறைவு. ஒருவர் ஒன்றே ஒன்று வாங்க முடியுமென்றால் தவளையைத்தான் வாங்க வேண்டும்.

எங்கே, எப்போது

1902இல் கட்டுமானம் தொடங்கிய இரணைமடு, பாலியாறு வந்து சேரும் வவுனிக்குளம், பேராற்றின் முத்தையன்கட்டு, அருவியாற்று நீரைத் தேக்கம் அணைக்கட்டினூடாகப் பெறும் கட்டுக்கரைக்குளம் போன்ற பெருங்குளங்களின் ஆழமான நடுப்பகுதி விராலுக்குரியதன்று. அங்கே திலாப்பியாவுக்கு வலை விடுகிறார்கள். விராலுக்கு, கட்டுக்கு எதிரே நீர் ஆழம் குறைந்து கிடக்கும் அலைகரைப் பக்கமே போக வேண்டும். இடுப்பளவுக்குக் குறைந்த நீர், ஆம்பல், கோரை, நீரில் நிற்கும் மருத மர வேர்கள், பழைய வேலிக் கட்டைகள் ஆகியவை அதன் வீடு. பெருங்குளங்களைவிட, வயலுக்கு நடுவே பெயர் தெரியாமல் கிடக்கும் சிறு குளங்களும், துருசுக்கு (மதகுக்கு) கீழே வாய்க்கால் அகன்று தேங்கும் இடங்களும் எனக்கு அதிக மீனைத் தந்திருக்கின்றன.

மாரியில் குளம் நிரம்பி வான் (மிகைநீர் வழிந்தோடும் இடம்) பாயும் நாட்களில் மீன் புல்வெளிகளுக்குள் எங்கும் பரவிவிடும். அது அதன் குஞ்சு பொரிக்கும் காலமும் கூட. சிறந்த காலம் பெப்ரவரி இறுதியில் தொடங்குகிறது. சிறுபோகத்துக்குத் துருசு திறந்து நீர் இறங்க இறங்க மீன் எஞ்சிய புற்றிடல்களுக்குள் ஒதுங்கும். ஓகஸ்ட், செப்ரெம்பரில் மீன் மிக நெருக்கமாக நிற்கும், ஆனால் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) பகல் முழுவதும் அடிப்பதால் விடியற்காலை இரண்டு மணி நேரமே எறியத் தகுந்தது. பொதுவாகக் காலை ஆறு முதல் ஒன்பது வரையும், மாலை நான்கரையிலிருந்து மங்கும் வரையும் நல்ல நேரம்.

போவதற்கு முன் அந்தக் குளத்தின் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். குஞ்சு விட்டு வளர்க்கப்படும் குளத்தில் அவர்களுக்கு உழைப்பும் உரிமையும் உண்டு. கேட்டுச் சென்ற இடத்தில் எனக்கு மறுப்புக் கிடைத்ததே இல்லை, பல இடங்களில் விரால் நிற்கும் மூலையையும் காட்டிவிட்டார்கள். வனவிலங்குத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள எல்லைகளுக்குள் தடியுடன் நுழைய வேண்டாம்.

எறிதலும் இழுத்தலும்

கரைக்கு வந்தவுடன் எறியாதீர்கள். பத்து நிமிடம் மரநிழலில் நின்று நீரைப் பாருங்கள். விரால் மூச்செடுக்கும்போது குபுக்கென்று ஒரு தடித்த ஒலியும், அதன்பின் ஒன்றிரண்டு குமிழியும் வரும். திலாப்பியா மேலே தட்டுவது மெல்லிய, கூர்மையான ஒலி. ஒரு காலைப்பொழுது கேட்டுப் பழகினால் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறியலாம். குமிழி வந்த இடத்துக்கு நேரே எறிந்தால் மீன் மிரண்டு ஓடும். அதற்கு இரண்டு மூன்று மீற்றர் அப்பால், முடிந்தால் ஓர் ஆம்பல் இலையின்மேல் தவளை விழும்படி எறியுங்கள். விழுந்த அலை அடங்கும்வரை அசைக்காதீர்கள்.

பிறகு தடி நுனியைக் கீழே வைத்து, மணிக்கட்டால் சிறு சிறு தட்டாகத் தட்டி, தளர்ந்த நூலை மட்டும் சுற்றுங்கள். இலையிலிருந்து நீருக்குள் தவளை வழுக்கி விழும் இடத்தில் ஒருமுறை நிறுத்துங்கள். இலைகளுக்கிடையே கைக்குட்டை அளவு வெளி ஒன்று வந்தால் அங்கே மேலும் நீண்ட நேரம் நிறுத்தி, நின்ற இடத்திலேயே நடுங்க வையுங்கள். என் அனுபவத்தில் அடிகளில் பெரும்பாலானவை நிறுத்தத்தின் முடிவில், மீண்டும் அசைக்கத் தொடங்கும் முதல் தட்டிலேயே விழுகின்றன. மூன்று நான்கு எறிக்கு ஒருமுறை தவளையை நசுக்கி உள்ளே புகுந்த நீரை வெளியேற்றுங்கள், நீர் நிறைந்த தவளை வால் தாழ்ந்து பிணம்போல வரும்.

அடி விழுந்த பின்

என் பெரியப்பா உயிர்த்தவளைக்காரர், ரீல் பிடித்தறியாதவர். முத்தையன்கட்டின் அலைகரையில் ஒரு மாசி மாதக் காலையில் என்னோடு வந்து மருத மரத்தின் கீழ் அமர்ந்திருந்தார். அன்று காலை மூன்று அடிகள் விழுந்தன, மூன்றையும் அடித்த கணத்திலேயே இழுத்துத் தவறவிட்டேன். மூன்றாவது தவறியபோது அவர் சொன்னார்:

"உடன இழுக்காத தம்பி. அவன் இன்னும் பல்லிலதான் வச்சிருக்கிறான். திரும்பிப் போக விடு, பாரம் கையில தெரியும், அதுக்குப் பிறகு குத்து."

நான்காவது அடி ஆம்பல் இலையைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. நீர் இரண்டாகப் பிளந்து மூடியது, தவளையைக் காணவில்லை. இழுக்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டு தடி நுனியை மீன் பக்கமாகத் தாழ்த்தினேன். நூலில் தளர்வு இருந்தது, அதைச் சுற்றினேன். பிறகு, பெரியப்பா சொன்னபடியே, யாரோ ஈரச் சாக்கொன்றை மெதுவாக இழுத்துச் செல்வதுபோன்ற பாரம் தடியின் அடிக்கு வந்தது. அப்போதுதான் இரு கையாலும் மேல்நோக்கிக் குத்தினேன். கரையில் அந்த விராலை வைத்துப் பார்த்தபோது இரண்டு கொளுக்கியும் மேல்தாடையின் மூலையில் ஆழ இறங்கியிருந்தன. வீட்டில் நிறுத்தபோது இரண்டேகால் கிலோ. அதைவிடப் பெரிய மீனைப் பின்னர் பிடித்திருக்கிறேன், ஆனால் தடியில் அந்தப் பாரம் வந்த விதத்தைப்போல வேறெதுவும் நினைவில் நிற்கவில்லை.

எனவே வரிசை இதுதான்: அடி விழுந்ததும் நுனியைத் தாழ்த்துங்கள், தளர்வைச் சுற்றுங்கள், பாரம் தெரியும்வரை பொறுங்கள், பிறகு முழுப் பலத்தோடு குத்துங்கள். இந்தப் பொறுமைக்கு ஒன்று முதல் இரண்டு விநாடிகளே ஆகும். குத்திய பின் பொறுமை கூடாது. மீன் இழுக்கும்போது ரீல் நூல் விடும் அளவைக் கட்டுப்படுத்தும் டிராக் திருகை ஏறக்குறைய முழுமையாக இறுக்கி வைத்து, மீனின் தலை மேலே வந்த கணத்திலிருந்து நிறுத்தாமல் சுற்றி, இலைகளின்மேல் வழுக்கிக்கொண்டு வரச் செய்யுங்கள். ஒருமுறை அது தண்டைச் சுற்றிவிட்டால், தடியை இன்னும் உயர்த்தாமல், நூலைக் கையுறை அணிந்த கையால் நேராக மெதுவாக இழுப்பதே வழி. அடி தவறிவிட்டால் தவளையை உடனே கரைக்கு இழுக்காமல் அதே இடத்தில் விட்டு அசைத்துப் பாருங்கள், விரால் திரும்பி வருவது அடிக்கடி நடக்கும்.

கரையேறிய விராலின் வாய்க்குள் விரலை விடக் கூடாது. ஈரக் கையால் தலைக்குப் பின்னே பிடித்து, நீண்ட மூக்குக் குறட்டால் கொளுக்கியை வந்த வழியே திருப்பி எடுங்கள். சமைக்க வைத்திருப்பதானால், வழுவழுப்புப் போக அடுப்புச் சாம்பலைத் தூவி உரசிய பின் செதிலை எடுத்தால் கையில் நிற்கும். ஒரு முழத்துக்குக் குறைந்த மீனை நான் விட்டுவிடுகிறேன்.

கரையில் கவனம்

குளங்களில் முதலை உண்டு. முழங்காலளவு நீராயினும் இறங்கிச் சிக்கிய லூரை எடுக்கப் போகாதீர்கள், ஒரு தவளையின் விலை ஒரு காலுக்கு ஈடாகாது. மாலையில் அலைகரைக்கு யானை நீர் குடிக்க வரும், பொழுது சாய்வதற்கு முன் கட்டுப் பக்கம் திரும்பிவிடுங்கள். போர் 2009இல் முடிந்திருந்தாலும் வெடிபொருட்கள் மண்ணுக்குள் இன்னும் கிடக்கின்றன. நீர் வற்றும் காலத்தில் அவை அலைகரையில் வெளிப்படக்கூடும். ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையில் மட்டும் செல்லுங்கள், துருப்பிடித்த எதையும் தொடவோ காலால் தட்டவோ வேண்டாம், கண்டால் அடையாளம் வைத்துவிட்டு கிராம அலுவலருக்கோ காவல்துறைக்கோ அறிவியுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் எவ்வளவு பெரிய விரால் குமிழிவிட்டாலும் அது உங்களுக்குரியதன்று.

குஞ்சுக் கூட்டம்

மாரியில் நீர்மேல் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பாய் அளவுக்குத் துடித்துக்கொண்டு நகரும் கூட்டத்தைக் காண்பீர்கள். அவை விரால் குஞ்சுகள். அவற்றின் கீழே தாய் தந்தை காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் எதை எறிந்தாலும் காவல் மீன் பாய்ந்து அடிக்கும் என்பது உண்மைதான், பசியால் அன்று, குஞ்சைக் காக்கவே அது அடிக்கிறது. காவல் மீனை எடுத்துவிட்டால் குஞ்சுகளை விரைவிலேயே மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். ஒரு குளத்தின் விராலை வேரோடு அழிக்க இதைவிட இலகுவான வழி இல்லை.

கடந்த தை மாதம் என் மருமகனை முதன்முதலாக அழைத்துச் சென்றேன். வயல் நடுவிலுள்ள சிறு குளமொன்றில், கரையிலிருந்து பத்து மீற்றரில், அத்தகைய கூட்டம் ஒன்று நின்றது. "மாமா, எறியட்டோ?" என்று கேட்டு அவன் தடியை உயர்த்திவிட்டான். தவளையைக் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லி, என் கைக்கடிகாரத்தை அவனிடம் கொடுத்து, தாய் மீன் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மூச்செடுக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். அவன் குந்தியிருந்து பதினொரு மூச்சு வரை எண்ணினான். பன்னிரண்டாவதற்கு முன் ஒரு கொக்கு தாழப் பறந்தது, குஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழிறங்கின, நீர் வெறுமையாயிற்று. சிறிது நேரத்தில் ஆம்பல் இலைகளுக்கு அப்பால் அந்தச் செம்மஞ்சள் பாய் மீண்டும் மேலே வந்தது.